கூடுதல் பொத்தான்

"பெரியம்மா, ஸ்வெட்டருக்கு அஞ்சு பொத்தான்தானே? எதுக்கு எப்பவும் ஒண்ணு கூடச் செய்யறீங்க?" என்று தங்கையின் மகள் ஒருமுறை கேட்டாள். தொலைத்தவர்களுக்கு உதவும் கண்ணு என்றேன். அது உண்மைதான். கடைப் பொத்தான் தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கையால் செய்ததற்கு இன்னொன்று எங்கும் கிடைக்காது.

தங்கை பின்னுவாள், நான் பொத்தான் செய்வேன். பாலிமர் களிமண்ணைக் கைச்சூட்டில் பிசைந்து, நீலத்துக்குள் வெள்ளைப் பூவை வைத்து நீளமாக உருட்டி, பிளேடால் வட்டம் வட்டமாக அரிவேன். உருளை முழுக்க அதே பூ ஓடும். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஊசியால் துளையிட்டு ஓவனில் சுடுவேன். சூடு குறைந்தால் நொறுங்கும், கூடினால் கருகும். அதனால் பக்கத்திலேயே நின்று பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் தங்கை எங்கள் இருவருக்கும் ஒரே நூலில் ஸ்வெட்டர் பின்னினாள். இரண்டுக்கும் ஒரே உருளையிலிருந்து பொத்தான் அரிந்தேன். கூடுதலான ஒன்று என் டப்பாவில் இருந்தது. கொஞ்ச நாளிலேயே குழந்தை அவள் அம்மாவின் நடுப் பொத்தானைப் பிய்த்து எங்கோ போட்டுவிட்டாள்.

"பொத்தான்காரியோட தங்கச்சி நான், பல்லு போன கிழவி மாதிரி ஸ்வெட்டரப் போட்டுட்டுத் திரியறேன். குளிர் நேரா நெஞ்சுக்குள்ள போகுது. அந்த மிச்சத்தத் தைச்சுக் குடேன்க்கா" என்றாள்.

"நாளைக்கு" என்றேன்.

மாடியில் அவர்கள், கீழே நான். ஆனால் குழந்தை விழித்தது முதல் உறங்கும்வரை என்னிடம்தான். மறுநாள் தங்கையின் கணவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்று வந்து நின்றார். போக மாட்டேன் என்று தங்கை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. நான் மேலே போனேன். மாடிப்படியிலேயே அவர் என்னை நிறுத்தினார்.

"நீங்க இதுல தலையிடாதீங்கக்கா. புள்ள தூக்கத்துலகூட உங்களத்தான் கூப்புடுறா. எங்களுக்கு அது நல்லா இல்ல."

மரியாதையாகத்தான் சொன்னார். நான் கையை நீட்டித் தள்ளினேன். அவர் என் ஸ்வெட்டரைப் பிடித்தார். பொத்தான் அவரோடு போயிற்று. கீழே இறங்கிப் பார்த்தேன். மூச்சில்லை. மூடிய விரல்களைப் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்குள் போய் டப்பாவைத் திறந்தேன். கூடுதல் பொத்தான் தொலைத்தவர்களுக்குத்தானே.

போலீஸ் வந்தபோது என் ஸ்வெட்டரில் ஐந்தும் இருந்தன. தங்கையுடையதில் நான்கு.

"அது முன்னாடியே தொலஞ்சது சார். அக்காவக் கேளுங்க, அவளுக்குத் தெரியும்" என்று அழுதாள்.

கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். யார்மீதும் பழி சொல்ல எனக்கு நாக்கு வராது.

தீர்ப்புக்குச் சில நாள் முன்பு குழந்தை தன் பொம்மை லாரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பெரியம்மா, அம்மா பொத்தான் இதுக்குள்ளதான் இருந்துச்சு! இனிமே அம்மாவ விட்டுடுவாங்கல்ல?"

பெரியவர்கள் பேசுவது குழந்தைகள் காதில் எப்படியோ விழுந்துவிடுகிறது. பொத்தானை வாங்கிக்கொண்டு, அன்றே அவளுக்கு முயல் முகத்தில் ஒரு பொத்தான் செய்து கொடுத்தேன். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். சின்னச் சின்ன அன்பில்தான் குழந்தை வளரும். அன்று முதல் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வழக்கு முடிந்ததும் தங்கையின் ஸ்வெட்டரைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் சிறையில் தங்கைக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவளையும் திருப்பித் தந்தார்கள்.

அந்த ஸ்வெட்டரையே அவளுக்கு உடுத்தினேன். உறவினர்கள் வெளியே நின்றார்கள்; அறையில் நானும் அவளும்தான். குழந்தை கண்டெடுத்த பொத்தானை நடுவில், விட்டுப்போன இடத்தில் வைத்து, நூலை அடியில் சுற்றி இறுக்கித் தைத்தேன். குளிர் புகாதபடி கழுத்துவரை பூட்டிவிட்டேன். நாளைக்கு என்று சொல்லியிருந்தேன், கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

என் தங்கைக்கு நான் பட்டிருந்த கடன் அது ஒன்றுதான்.