பீடத் துணியைக் காப்பாற்றியவள்

“ஷெல் வருது! குப்புறப் படுங்க! படுங்க!”

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். பூசை முடிந்து கோயிலை இன்னும் பூட்டவில்லை. முதலில் தூரத்தில் ஒரு ‘டும்’. ஒன்பது வரை எண்ணலாம். பிறகு சீழ்க்கை. பிறகு காது அடைத்துப்போகிறது. ஓடுகிறோம். கல்முனையிலிருந்து வடக்கே, கடலோரமாக. மணலில் செருப்போடு ஓட முடியாது. கழற்றி எறிந்துவிட்டேன். மூட்டையை எறியவில்லை.

மூட்டைக்குள் பீடத் துணிகள், பாதிரியார் பூசை வைக்கும் பீடத்தில் விரிப்பவை. நான்கு. வெள்ளை. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பூச்சி உருண்டை வைத்து மடித்தவை. கோயில் துணிகளுக்குப் பொறுப்பு நான். கை கழுவாமல் யாரையும் தொடவிட மாட்டேன். பெரியநீலாவணை வெரோனிக்கா மீன் விற்றுவிட்டு நேரே பூசைக்கு வருவாள். வாடை அடிக்கிறது என்று அவளை வாசல்படியில் இருக்கச் சொன்னவளும் நான்தான். இருந்தாள். ஒரு ஞாயிறும் தவறவில்லை.

எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்காதீர்கள். விழுந்தவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அந்த மாதங்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பெயரைக் கேட்டே ஆளைக் கொன்றார்கள். இரண்டு பக்கமும்தான். எனக்குள்ளும் வெறுப்பு இருந்தது. மறைக்க மாட்டேன்.

பத்து இருபத்தைந்து. வீதிக்குக் கீழே ஒரு மதகு. தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. உள்ளே எனக்கு முன்பே வெரோனிக்கா குந்தியிருக்கிறாள். அடுத்த ஷெல் வீதியின் நடுவில் விழுகிறது. புழுதி அடங்குகிறது. வீதியோரம் ஒரு பெண் கிடக்கிறாள். முக்காடு விலகியிருக்கிறது. மருதமுனை ஹலீமா. நெசவுக்காரி. இடது கால் முழங்காலுக்குக் கீழே பிளந்து, இரத்தம் விட்டுவிட்டுப் பீறிடுகிறது.

எனக்கு அவளைத் தெரியும். நன்றாகத் தெரியும். என் மூட்டையில் இருந்த நான்கு துணியும் அவள் தறியில் நெய்தவை.

வெரோனிக்கா ஓடிப்போய் அவளை மதகுக்குள் இழுத்து வந்தாள். தன் சீலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றினாள். அது ஒரு நிமிடத்தில் நனைந்துவிட்டது. என் மூட்டைத் துணிக்குக் கையை நீட்டினாள்.

“அக்கா, அந்தப் புடவையத் தாங்க. இறுக்கிக் கட்டணும்.”

நான் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். இதை எழுதக் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். “இது பீடத்துத் துணி, தொடாத” என்றேன்.

ஹலீமா கண்ணைத் திறந்தாள். “நான் நெய்ஞ்ச புடவதானே அக்கா.”

வெரோனிக்கா கத்தினாள். “சாமிக்கு என்ன, குளிருதா? தாங்கக்கா!”

பிடுங்கிவிட்டாள். மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்த கை. மேலே இருந்த துணியைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். கட்டினாள். மேலே இன்னொரு சுற்று. இரத்தம் மட்டுப்பட்டது. எனக்கு அப்போது வந்தது கோபம். இரக்கம் இல்லை. கோபம்.

பத்து நாற்பது. மீண்டும் ‘டும்’. வீதியில் ஓடியவர்கள் கத்தினார்கள்.

“மதகில நிக்காதீங்க! ஓடுங்க! ஓடுங்க!”

ஓடினேன். மிச்ச மூன்று துணியையும் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். வெரோனிக்கா ஓடவில்லை. ஹலீமாவால் எழும்ப முடியாது. அவளைச் சுவரோடு சாய்த்துவிட்டு, மதகின் வாயை மறித்துக்கொண்டு குந்தினாளாம். முதுகு வெளியே. இதைப் பல மாதங்கள் கழித்து ஹலீமா சொன்னாள். சொல்லும்போது என்னை அவள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மறுநாள் ஹலீமாவின் அண்ணன்மார் வெரோனிக்காவின் உடலைக் கோயில் வாசல்வரை சுமந்து வந்தார்கள். புதுத் தறித் துணியால் போர்த்தியிருந்தார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அவர்களுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவில்லை. எந்த வாசல்படியில் அவளை இருத்தினேனோ, அதே படியில்தான் இறக்கி வைத்தார்கள்.

இந்த வருடம் கோயில் திருநாளில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். போர்க்காலத்தில் பீடத் துணியைக் காப்பாற்றியவளாம். முதலில் இதை வாசியுங்கள். அயலவரை நேசி என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். மறந்த பிள்ளைகளை அடித்துமிருக்கிறேன். வெரோனிக்காவுக்கு விசுவாசப் பிரமாணச் செபம் பாதிக்கு மேல் வராது. ஆண்டவரை நேசித்தது யார்? எனக்கு இருந்தது கஞ்சியும் இஸ்திரிப் பெட்டியும்தான். பொன்னாடையைக் கொண்டுபோய் அந்த மதகில் போடுங்கள்.

இழந்தவற்றின் கணக்கு இது. வெரோனிக்கா, வயது முப்பத்தெட்டு. ஹலீமாவின் இடது கால். பீடத் துணி ஒன்று.

அந்த ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட முகாமில் மூட்டையை அவிழ்த்து எண்ணினேன். மூன்று இருந்தன. ஒன்று குறைந்தது. அழுதேன். அந்தத் துணிக்காகத்தான் அழுதேன்.