கறுப்புப் புடவையில் கருநீலம்

செவிலிமேட்டில் இலவசக் கண் முகாம். டோக்கன் வாங்க ஒரு வரிசை, அதில் பெயர் எழுத இன்னொரு வரிசை. இரண்டையும் முறைப்படி கடந்து நான் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு முன்னால் இருந்த நெசவாளர் நர்சிடம் சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் இல்லமா. என் சம்சாரம் கண்ணப் பாருங்க. கறுப்புப் புடவைக்குக் கருநீல நூலச் சுத்திக் குடுத்துட்டா. ரெண்டு முழம் நெய்தப்புறம் முதலாளி பாத்துட்டுக் கத்தறாரு."

மனைவி முன்னால் வந்து உட்கார்ந்தார். நர்ஸ் அவரைச் சோதித்துவிட்டு, "இவங்களுக்கு நல்லா இருக்குது. நீங்களும் உக்காருங்கபா" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தார். "உங்களுக்குத்தான் ரெண்டு கண்ணுலயும் புரை."

"அப்படின்னா?"

"கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு வில்லை இருக்குது. வயசாக ஆக அது பழுப்பாயிடும். அழுக்கு ஜன்னல் வழியா பாக்கற மாதிரிதான். கறுப்பும் கருநீலமும் ஒண்ணாத் தெரியும். ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்."

நெசவாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நூலையும் தனித்தனிக் கூடையிலதான் வெச்சேன்" என்றார் மனைவி. "தப்பா எடுத்தது யாரு?"

"முதலாளிகிட்ட நாளைக்குச் சொல்லிடறேன்மா."

"இப்பவே சொல்லு."

அவர் போனை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்: "முதலாளி, அந்தப் புடவை... தப்பு அவ மேல இல்லீங்க. என் கண்ணுதான்."

"சத்தமா சொல்லுயா. அன்னிக்கு நீ என்னைத் திட்டினப்ப தெருவே நின்னு கேட்டுக்கினு இருந்துச்சி."

அவர் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பி, மறுபடியும் சொன்னார்.