அக்கரைக் குழு

“நூற்றி நாப்பத்தி மூண்டு பேரா, டொக்டர்? அவ்வளவு பேரும் நம்மட புள்ளைகளப் பத்தி வாசிச்சிருக்காங்களா?”

“வாசிச்சது மட்டுமில்ல, மிஸ்ஸி. தங்கட கட்டுரைகள்ள மேற்கோளாவும் காட்டியிருக்காங்க.”

“அப்ப நீங்க பேராசிரியராகக்குள்ள என்னையும் ஒரு ஓரத்தில இருத்துங்க,” என்று சிரித்துக்கொண்டே, கொண்டுவந்த எருமைத் தயிர்ச் சட்டியை என் கட்டுரைப் பட்டியலின் மேலேயே வைத்தார் அன்னப்பூரணி. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், இருபது வருடமாக மருத்துவிச்சி. நான் மட்டக்களப்பு நகரில் இதய வைத்தியன். அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. சமாதானம் தேய்ந்து, பாதைகள் மறுபடி மூடத் தொடங்கியிருந்தன. அவரிடம் சொல்லிவிடுவதென்று அன்று காலைதான் முடிவு செய்திருந்தேன்.

என் பெயரில் பதினொரு கட்டுரைகள் இருக்கின்றன. பத்தை யாரும் தேடுவதில்லை. மேற்கோள்கள் எல்லாம் அந்த ஒன்றுக்குத்தான். மூட்டுவாதக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு இதய வால்வு பழுதாகாமல் இருக்க மாதம் ஒரு பென்சிலின் ஊசி போட வேண்டும். நிறுத்தினால் வால்வு எவ்வளவு வேகமாகக் கெடும்? எந்த வைத்தியனும் வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க முடியாது.

தொண்ணூற்றாறில் யுத்தம் நிறுத்தியது. அக்கரை இயக்கத்தின் கையில் இருந்ததால், துறையடியில் ஆமிக்காரர்கள் மருந்துப் பெட்டிகளைத் தடுத்தார்கள். இக்கரையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி கிடைத்தது. அக்கரையில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. கட்டுரையில் அவர்களுக்கு ‘அக்கரைக் குழு’ என்று பெயர்.

அரசாங்க அடையாள அட்டை இருந்ததால் அன்னப்பூரணியை மட்டும் விட்டார்கள். மாதம் ஒருமுறை தோணியில் வருவார். மூச்சு வாங்குகிற பிள்ளை, கால் வீங்கிய பிள்ளை எல்லாம் அவருடைய கொப்பியில் திகதியோடு இருக்கும்.

“உங்கட கையெழுத்தக் கண்டா ஆமிக்காரன் மருந்த விடுவான், டொக்டர். நான் கத்தினா என்னையும் வாவிக்குள்ள தள்ளுவான்.”

“இன்னும் அனுமதி வரல்ல, மிஸ்ஸி.”

முதல் நான்கு மாதம் அது உண்மை.

ஐந்தாம் மாதம் ஆமி முகாமிலிருந்து கடிதம் வந்தது. நோயாளர் பெயரும் குப்பிகளின் எண்ணிக்கையும் எழுதி, நான் ஒப்பமிட்டு முத்திரை குத்தினால் பென்சிலினை விடுவார்கள். மாதம் ஒரு கடிதம், பத்து நிமிட வேலை. தாள் எடுத்து நாற்பத்தொரு பெயரையும் எழுதினேன். பிறகு யோசித்தேன். நான்கு மாதத் தரவு எதற்கும் போதாது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் தெளிவாகும். தெளிவானால் எத்தனையோ நாடுகளில் பிள்ளைகள் பிழைப்பார்கள். அது பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாதம் இருபது மாதமாயிற்று.

இடையில் ஒருநாள் அவர் கதவைச் சாத்திவிட்டு, “ஒரேயொரு குப்பி தாங்க, டொக்டர். கொண்டைக்குள்ள ஒளிச்சிக் கொண்டுபோறன். அவனுகள் பையத்தானே கொட்டிப் பாக்கிறானுகள்,” என்றார்.

பிடிபட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து என்று தடுத்தேன். உண்மையாகவே அவருக்காகக் கவலைப்பட்டேன். ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டால் குழு கலைந்துவிடும் என்பதும் ஞாபகத்தில் இருந்தது.

நான் எவருக்கும் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிவந்தேன். இரண்டு வருடம் நிறைந்ததும் கடிதத்தை அனுப்பினேன். மறுநாளே பெட்டி தோணி ஏறிற்று.

அதற்குள் ஒன்பது பிள்ளைகளின் வால்வு கெட்டிருந்தது. நான்கு பேர் இறந்திருந்தார்கள். ‘இருபத்தேழாம் நோயாளி, பெண், பதினொரு வயது’ என்று அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. பெயர் கண்ணகை. அன்னப்பூரணியின் மகள். அவளுடைய வீக்கத்தையும் தாய்தான் அதே உருண்டைக் கையெழுத்தில் குறித்துத் தந்தார். கட்டுரையின் முடிவில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அதை எழுதும்போது என் கண் கலங்கியது.

இதையெல்லாம் இதே ஒழுங்கில் அவரிடம் சொன்னேன். முகாமின் கடிதத்தையும் நீட்டினேன். அவர் திகதியை மட்டும் பார்த்தார். விரல் மடித்து மாதங்களை எண்ணினார். இரு கை விரல்களும் தீர்ந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தார். கண்ணகை இறந்தது அந்தத் திகதிக்குப் பதினான்கு மாதம் கழித்து.

“அப்ப, அண்டைக்கு நான் கேட்ட அந்த ஒரு குப்பி…” என்றார்.

செய்ததைச் சரிசெய்யத்தான் அவரைக் கூப்பிட்டேன் என்றேன். வெறும் மன்னிப்புக் கடிதத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்லப் புதிய கட்டுரை ஒன்று வேண்டும். தப்பிய முப்பத்தேழு பேரும் இப்போது வளர்ந்திருப்பார்கள். பத்து வருடத்துக்குப் பின் அந்த வால்வுகள் எப்படி இருக்கின்றன என்று எவருக்கும் தெரியாது. அவர் கடிதத்தை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“உங்கட பேர என்ட பேருக்கு முன்னால போடுறன், மிஸ்ஸி. பாதை முழுசாப் பூட்ட முந்தி, அந்தப் புள்ளைகள ஒருக்காக் கூட்டிக்கிட்டு வருவீங்களா?”