இடுப்புக்குக் கீழே

அம்மாவுக்கு ஊசி என்றால் பயம். தடுப்பூசி போடுகிறவர்கள் தெருவுக்கு வந்தால் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அதனால், ஐயா, முதுகில் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

நாங்கள் சாகுபடி செய்யும் நிலத்தின் குத்தகைப் பதிவு அம்மா மங்களாம்பிகை பெயரில் இருக்கிறது. நிலக்காரர் அதை மனைகளாகப் பிரித்து விற்க நினைத்தார். அம்மா உரிமையை விட்டுக்கொடுத்தால் எனக்கு இரண்டு மனை. நியாயமான பேச்சு. அம்மா கேட்கவில்லை. மண் கொட்ட வந்த டிராக்டருக்கு முன்னால் நாற்றங்காலில் உட்கார்ந்துகொண்டார். டிராக்டர் திரும்பிப் போனதும், மண்வெட்டிக் காம்பால் அவர் இடுப்பில் அடித்தேன். எழுந்திருக்கப் பார்த்தார். அதே இடத்தில் இன்னொன்று போட்டேன். தென்னை மட்டை முறிகிற மாதிரி கேட்டது.

திருவாரூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் இதயம் பலவீனம், முழு மயக்கம் தாங்காது என்றார்கள். காலமெல்லாம் நடவு நட்டு வளைந்த முதுகு. மயக்க டாக்டர் சின்னப் பெண். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஊசி இறங்க வழி தட்டுப்படவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள், படுத்தபடியே அடங்கிவிடுவார், பதிவு எனக்கு வரும் என்று நினைத்தேன்.

டாக்டர் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வயித்துல புள்ள பாக்குற மெஷினா?" என்றார் அம்மா.

"அதேதான் பாட்டி. இன்னைக்கு ஒங்க முதுகெலும்புல சந்து பாக்கப் போறேன்."

திரையில் பார்த்துப் பார்த்து முதுகில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

"தூங்கிடுவாங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லங்க. இடுப்புக்குக் கீழ மரத்துப்போயிடும். வலியே தெரியாது. நல்லா பேசிக்கிட்டிருப்பாங்க."

பேசுவார் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"வரப்புல வழுக்கிட்டேன்னு சொல்லிட்டேன்டா. பயப்படாத." கொஞ்ச நேரம் கழித்து, "நெலத்த மட்டும் கேக்காத. எந்திரிச்சு வந்து மறுபடியும் அங்கதான் உக்காருவேன்" என்றார்.

நர்ஸ் மருந்து எடுக்கப் போயிருந்தார். தலையணையை அம்மா முகத்தில் வைத்து, மேலே முழுதாகச் சாய்ந்தேன். என் மணிக்கட்டில் நீங்கள் பார்க்கிற கீறல்கள் அவர் நகம் பட்டவை.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மரப்பு விடுவதற்குள் முடித்துவிட்டேன். அம்மாவுக்கு வலித்திருக்காது. அவர் கால்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்; ஒரு தடவைகூட உதறவில்லை.