தோளில் நாலு விரல்

மொதல்ல ஒண்ணு தெளிவாயிடணும்ணா. தலமுடி கருப்புன்னு ஊரே நம்பிக்கினு இருக்குது. கருப்பு கெடையாது. இத்த நான் வெளையாட்டுக்குச் சொல்லல. மனுசன் தலையில கருப்புன்னு ஒரு கலரே கெடையாது. வெயில்ல நிக்க வச்சு ஒரு படம் புடிச்சு, அத்த கம்பியூட்டர்ல பெருசு பண்ணிப் பாருங்க. கொஞ்சம் செவப்பு, கொஞ்சம் பழுப்பு, மேல லேசா வானத்து நீலம், இவ்ளோதான். கருப்புன்னு நெனச்சு கிட்ட போனவன் எவனும் இதுவரைக்கும் முடிய ஒயுங்கா வெட்டுனதில்ல. பழைய சாமி படத்துல தலைக்குப் பின்னாடி ஒரு வட்டம் போட்டிருப்பாங்க இல்ல? தெய்வ களைன்னு நெனச்சிருப்பீங்க. வரைஞ்சவனுக்கு முடி ஓரம் சரியா வரல, வட்டத்தப் போட்டு மறைச்சுட்டான்றது என் கட்சி.

கோவப்படாதீங்க. நீங்க விரலப் பத்திக் கேக்கறீங்க, நான் முடியப் பத்திப் பேசறேன். தெரியுது. விரலுக்குத்தான் வர்றேன். உக்காருங்க மொதல்ல. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. டீ சொல்லியிருக்கேன். வேணாமா? தண்ணியாவது குடிங்க. வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கீங்க.

படம் திரையிலயேதான் இருக்குது, பாருங்க. உங்க மச்சான் வூட்டுக் காது குத்துல நான் எடுத்தது. வெள்ளைச் செவுரு, நல்ல காலை வெயிலு. நீங்க, உங்க சம்சாரம் தையல்நாயகி அக்கா, சின்னவ, அப்புறம் சித்ரா.

பேர சொல்லக்கூடாதா? செரி. பெரியவ.

பெரியவன்னும் சொல்லக்கூடாதா? அப்ப நாலாவது ஆளுன்னு வச்சுக்கலாம். ஏதாச்சும் ஒண்ணு சொல்லித்தான ஆவணும், எனக்கு வேலையே அந்த ஆளுகிட்டதான. உங்களுக்குப் புடிக்காத எடத்துல கல்யாணம் கட்டிக்கினு வளவனூர் போயிட்டாங்க, அதுக்கு மேல நான் கேக்கல. சின்னவ கல்யாணத்துக்குப் பேனர் அடிக்கணும், சம்சாரம் இந்தப் படத்துலதான் சிரிச்சிருக்குறா, இதுதான் வேணும், ஆனா நாலாவது ஆளு இருக்கக்கூடாதுன்னீங்க. அங்க ஒரு ஆளு நின்ன தடமே தெரியக்கூடாதுன்னீங்க. செரின்னு நானும் தலைய ஆட்டினேன்.

உங்க மச்சான் புள்ள போன்ல ஒரு தட்டு தட்டினா ஆள் போயிடும்ங்கறானா? போவும். கூடவே சின்னவ காதும் போவும். நேத்துதான் ஒருத்தர் அப்படி வளைகாப்புப் படத்த எடுத்துக்கினு வந்தாரு. மாமியார தூக்குன்னா தூக்கிட்டு, அதுவா அந்த எடத்துல ஒரு பூந்தொட்டி வச்சிருக்குது. நல்ல தொட்டிதான். வளையல் போட்ட கை ஒண்ணு அதுக்கு மொளைச்சிருக்குது.

சிரிக்க மாட்டீங்களே. செரி.

கஷ்டம் எங்கன்னு சொல்றேன், கேளுங்க. ரெண்டு பொண்ணுங்களும் தலையோட தல முட்டிக்கினு நிக்குதுங்க. காத்துல ரெண்டு பேரு முடியும் ஒண்ணாக் கலந்துடுச்சு. எது யாருதுன்னு பெத்தவங்களுக்கே தெரியாது. ஓரம் ஓரமா கோடு இழுத்து வெட்டறது தேங்காய்க்குச் சரி, தலைக்கு ஆவாது. வெட்டினா மொட்டை அடிச்சு விக்கு வச்ச மாதிரி நிக்கும். அதனால உருவத்த வச்சு வெட்டக்கூடாது. வெளிச்சத்த வச்சுப் பிரிக்கணும்.

எப்படின்னா, படத்த கருப்பு வெள்ளையா மாத்திடறது. வெளிச்சமா இருக்குறதயெல்லாம் இன்னும் வெள்ளையா ஏத்தறது, மங்கலா இருக்குறத இன்னும் கருப்பா எறக்கறது. அதுக்குப் பேரு மாஸ்க்கு. வெள்ளை இருக்குற எடம் நிக்கும். கருப்பு இருக்குற எடம் மறையும். நடுவுல சாம்பலா இருக்குறது பாதி நிக்கும், பாதி மறையும். முடிக்கு அந்தப் பாதிதான் உசுரு. சின்னவ அன்னிக்கு எண்ண வச்சு வாரியிருந்தா. எண்ண மேல வெயில் பட்டா வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். நாலாவது ஆளு தலைக்குக் குளிச்சு, காய உட்டு, அப்படியே வந்து நின்னுடுச்சு. அந்த முடி மின்னல. அந்த ஒரு பிடிய வச்சுக்கினு, மின்னறது இந்தப் பக்கம், மின்னாதது அந்தப் பக்கம்னு இழை இழையாப் பிரிச்சேன். பேனர்ல முடிய யாராச்சும் கொற சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க.

விரல்தான் மாட்டிக்கிச்சு.

இங்க பாருங்க, அக்கா தோள்ல. நாலாவது ஆளு பின்னாலேந்து கை போட்டு நிக்குது. அக்கா கட்டியிருக்குறது சந்தனக் கலர் பட்டு. இப்ப கலர்ல பாக்கறீங்க, விரல் வேற, பொடவ வேறன்னு தெரியுது. இதோ கருப்பு வெள்ளையா மாத்தறேன். போச்சா? காணோம் இல்ல? வெயில்ல அந்தப் பட்டுக்கும் அந்த விரலுக்கும் ஒரே வெளிச்சம். மாஸ்க்குக்கு அப்பன் தெரியாது, ஆத்தா தெரியாது, யாரு யாரக் கட்டிக்கிச்சுன்னும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது வெளிச்சம் ஒண்ணுதான். அக்கா பொடவய வச்சுக்கோன்னேன், அதோட சேத்து நாலு விரலயும் வச்சுக்கிச்சு. கட்டை விரல் முதுகுப் பக்கம் போயிட்டதால அது தப்பிச்சுது.

நான் பாக்கலயான்னா, பாக்கலணா. முடியயே பாத்துக்கினு இருந்துட்டேன். திரையில அது மல்லாட்டைப் பருப்பு அளவுதான். பேனர்ல ஒவ்வொண்ணும் மொந்தன் வாழக்கா சைசுக்குப் போயிடுச்சு.

மாப்பிள்ள வூட்டுக்காரங்க போன் பண்ணிட்டாங்களா? இன்னான்னு? உங்க சம்சாரம் தோள்ல யாரு கைன்னா? நீங்க இன்னா சொன்னீங்க?

டிசைன்னு சொன்னீங்களா. செரிதான்.

மயிலம் கோயில்ல கல்யாணம், எல்லாரும் கூட்டேரிப்பட்டுல திரும்பித்தான் ஆவணும், அங்க வச்சா ஒருத்தர் கண்ணுக்கும் தப்பாதுன்னு நீங்கதான எடம் சொன்னீங்க. தப்பல. அந்த ஆக்சிடென்ட்டு மட்டும் ஆவலன்னா இவ்ளோ கூட்டம் நின்னு பாத்திருக்காதுன்றீங்க. ம்.

நேத்து சாயங்காலம் நீங்க அந்தப் பக்கம் போவலையே? யாரு சொன்னது உங்களுக்கு? மச்சானா. யாரோ ஒரு பொம்பள அடிபட்டுடுச்சுன்னாரா. அவரு எறங்கிப் பாத்தாரா? வண்டிய திருப்பிக்கினு வந்துட்டாரா. அதுவும் செரிதான், பேஜாரு புடிச்ச கூட்டம், யாரு எறங்குவாங்க.

ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். தண்ணி குடிங்க. குடிக்கவே இல்ல நீங்க.

விரல அழிக்க முடியுமான்னா, முடியும். டீ ஆறதுக்குள்ள அழிச்சுடலாம். பக்கத்துப் பட்டுலேந்து கொஞ்சம் எடுத்து மேல பூசினா யாரு கை வச்சாங்கன்னு தோளுக்கே தெரியாது. ஜல்தியா புது பேனர் அடிச்சு இன்னிக்கே கட்டிடலாம். முடியாதுன்னு நான் சொல்லல. செய்யறேன்னும் இன்னும் சொல்லல. கொஞ்சம் இருங்க.

அக்கா எங்க, வூட்லயா? கூட யாரு இருக்காங்க? மச்சான் சம்சாரம் வந்திருக்காங்களா? நல்லது. இருக்கட்டும். அவங்கள இன்னிக்கு அனுப்பாதீங்க.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க போன்ல ஒரு நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களா? அக்கா போன்ல? சின்னவ போன்லயும் நீங்களே வாங்கிப் பண்ணிட்டீங்களா.

மூணுலயும். ம்.

ஏன் சுத்திச் சுத்திப் பேசறேன்னு கேக்கறீங்க. நானே காலையிலேந்து அத்தத்தான் யோசிச்சுக்கினு இருக்கேன். நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு நெனைக்கல. செரி, இத்தப் பாத்துடுங்க.

ஒரு ஆள படத்துலேந்து வெட்டினா அந்தத் துண்டு இன்னா ஆவும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னக் கேட்டதில்ல. குப்பைக்குப் போயிடும்னு நெனச்சுக்குவாங்க. அப்படிப் போவாது. இங்க ஓரத்துல சின்னதா கண்ணு மாதிரி ஒண்ணு தெரியுதா? அத்த அமுக்கினா மறையும். திரும்ப அமுக்கினா வந்துடும். நாங்க வெட்டறோம்னு பேரு, மறைச்சு வைக்கறதுதான். அடியில அப்படியேதான் கெடக்கும். இதோ.

மூஞ்சத் திருப்பாதீங்கணா. ஒரு தடவ பாத்துடுங்க. உங்க மூணு பேரயும் மறைச்சுட்டேன், அது மட்டும் தனியா நிக்குது. முடியப் பாருங்க, ஒரு இழை கொறையாது. கையப் பாருங்க. மணிக்கட்டு இருக்குது, வளையல் இருக்குது, புறங்கை இருக்குது. விரல் இல்ல. அது உங்க பக்கம் வந்துடுச்சு, அக்கா தோள்ல.

இத்த யாரு கேட்டாங்களா? காலையில வந்து கேட்டாங்க. பேனர் கீழ எங்க ஸ்டுடியோ பேரும் நம்பரும் போட்டிருக்குது இல்ல, அத்தப் பாத்துக்கினு வந்தாரு. பிரான்சிஸ்.

எந்த பிரான்சிஸ்னு உங்களுக்குத் தெரியும், வளவனூர்க்காரரு. உக்காருங்க. உக்காருங்கணா, சண்டைக்கு வரல அவரு. சட்டையக் கூட மாத்தாம வந்து நின்னாரு. இதே எடத்துலதான்.

அவரு போன்ல படம் நெறய இருக்குது. நானே பாத்தேன். பாதியில ஹெல்மெட்டு. மீதியில அந்த மான் மூக்கு, பூ கிரீடம்னு போன்ல வெளையாட்டா போட்டுக்கறாங்களே, அது. ஒண்ணும் ஆவல. என் நல்ல படம் திண்டிவனத்து ஸ்டுடியோவுல இருக்குது, ஒரு நாளைக்குப் போய் வாங்கிக்கினு வரணும்னு அந்தப் பொண்ணு சொல்லிக்கினே இருக்குமாம். அதான் கேட்டாரு.

எதுக்கா?

போஸ்டருக்கு. கண்ணீர் அஞ்சலின்னு மேல போட்டு. வளவனூர்ல மத்தியானத்துக்குள்ள ஒட்டணுமாம். இன்னார் மகள்னு ஒரு வரி வரும் இல்ல, அதுல யாரு பேரு போடறதுன்னு கேட்டேன். அந்த வரிய காலியா உட்டு வச்சிருக்கேன்.

ராத்திரியே உங்களுக்குப் போன் போட்டிருக்காரு. உங்களுக்கு, அக்காவுக்கு, சின்னவளுக்கு. மாத்தி மாத்திப் போட்டிருக்காரு.

யாரோ பேனர அவங்களுக்கு வாட்ஸப்புல அனுப்பி உட்டிருக்காங்க. நேர்ல பாக்கணும்னு அந்தப் பொண்ணுதான் பைக்க எடுக்கச் சொல்லியிருக்குது. ரோட்டுக்கு அந்தாண்டயே நின்னு பாத்திருக்காங்க. நாங்க பெருசு பண்ணியும் பாக்காத விரல அது அங்கேந்தே கண்டுபுடிச்சிருக்குது. அழுவலயாம். எல்லாத்தயும் தூக்கிட்டாங்க, விரல மட்டும் எங்கம்மா உட்டுக் குடுக்கல பாருன்னு சொல்லிச் சிரிச்சுதாம். கிட்ட போய் போன்ல புடிச்சுக்கினு வர்றேன், நீ இரு, வண்டிய திருப்பாதன்னு நடந்திருக்குது. பேனரப் பாத்துக்கினே நடந்திருக்குது. சென்னையிலேந்து வந்த லாரி.

அண்ணா.

அண்ணா, கொஞ்சம் சாஞ்சுக்கோங்க. இல்ல, அது வேற பொம்பள இல்லீங்க. நான் அவர ரெண்டு தடவ கேட்டுட்டேன்.

விழுப்புரம் பெரியாஸ்பத்திரியிலதான் இருக்குது. மத்தியானம் குடுத்துடுவாங்களாம். அவரு அங்க கேட்டுலயே நிக்கறேன்னாரு. பேனர் அவங்களதுதான, வந்து உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாங்கன்னா சொல்லுங்க, பொண்ணப் பாக்க வந்தா எங்க ஆளுங்க யாரும் ஒரு வார்த்த பேச மாட்டோம்னு சொல்லிட்டுப் போனாரு.

அதுக்காகத்தான் உங்ககிட்ட கேக்கறேன். படம் உங்களது, நீங்க வேலை குடுத்தது. அந்த நாலு விரல இங்கேந்து எடுத்து அந்தப் பொண்ணு கையில வச்சுடட்டுமா? உங்க பேனர்ல அழிஞ்சுடும், அங்க கை முழுசாவும். எனக்கு ரெண்டும் ஒரே வேலதான். இல்ல, அக்கா தோள்லயும் அப்படியே இருக்கட்டும்னா அதுவும் செய்யலாம், ஒண்ண எடுத்து ரெண்டு எடத்துல வைக்கறது இதுல பெரிய விஷயமே இல்ல. நீங்க வாயத் தொறந்து சொன்னாப் போதும்.

சொல்லுங்கணா.

எங்க எழுந்திரிக்கறீங்க? விரல இன்னா பண்ணணும்னு சொல்லாம போறீங்களே. மெதுவா, படி இருக்குது. டேய் ஆட்டோ, பாத்து வாப்பா, ஆளு எறங்கறாரு இல்ல.

அண்ணா, அந்த பஸ்ஸு உங்க ஊருக்குப் போவாதுங்க. செஞ்சி பஸ்ஸு அந்தாண்ட நிக்கும். இது பைபாஸ் புடிச்சு விழுப்புரம் போறது.

செரிங்கணா. ஏறுங்க.