இங்கிலீஷ்ல திட்னா ஒட்டாது

இரு தம்பி, பேனாவ மூடு. கையெழுத்து எங்க ஓடிடப் போவுது? தியேட்டர் கதவு மூடி அரமணி நேரங்கூட ஆவல. ரெண்டாவது ஆபரேஷன் இது. சங்கீதாவுக்கு கை நிக்குமா, வெரலு போவுமான்னு டாக்டருக்கே தெரியல. அதுக்குள்ள இந்த பேப்பருக்கு இன்னா அவசரம்? கொடுத்தனுப்புன கம்பெனிக்குதான் அவசரம். ஆமா, கொண்டாந்தது நான்தான். இல்லங்கல.

படிச்சி பாத்தியா? இங்கிலீஷ்னு வுட்டுட்டியா? நான் சொல்றேன் கேளு. கட்டிங் மெஷின்ல கைய வுட்டது அவளோட முட்டாத்தனம், கம்பெனி மேல தப்பு கெடையாது, புருஷன் நான் ஒத்துக்கறேன். அவ்ளோதான். இங்க பாரு, இந்த வார்த்த. ஃபூலிஷ்.

அதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? மொறைக்காத தம்பி, ரெண்டு நிமிஷம். எம் பொண்ணு ஷர்மிளா காலேஜ்ல இங்கிலீஷ் படிக்குது. ஒரு நாள் நான் போன்ல எவனையோ இடியட்னு கத்தறேன். யப்பா, அது கிரேக்க வார்த்த, ஊர் காரியத்துல தலையிடாம, தன் சோலிய மட்டும் பாத்துக்கினு ஒதுங்கி நின்னவனுக்கு வச்ச பேருன்னுச்சி. போம்மா, வேற வேல இல்லன்னேன்.

கம்பெனில தமிழ்ல திட்டக் கூடாது தம்பி. திட்னா பேஜாராயிடும், யூனியன் வந்து நிக்கும். அதனால நாங்க இங்கிலீஷ்ல திட்டுவோம். இடியட், ஸ்டுப்பிட், சில்லி. பொண்ணுங்க சிரிச்சிக்கினே குனிஞ்சிக்குவாங்க. ஒட்டாதுன்னு நெனச்சேன்.

ஆமா, சூப்பர்வைசர்தான். பஞ்சாட்சரம். வீட்ல சொல்லியிருக்காளா? இன்னா சொன்னா? வேணாம், சொல்லாத.

இரு, போன் அடிக்குது. மேனேஜர். அடிச்சிக்கினு கெடக்கட்டும்.

இதுவும் ஷர்மிளா சொன்னதுதான். சில்லின்னா மொதல்ல சாமி ஆசீர்வாதம் வாங்குனவங்களாம். அப்பறம் வெகுளின்னு ஆச்சாம், அப்பறம் பாவம்னு ஆச்சாம், கடைசில புத்தி இல்லாதவன்னு வந்து நின்னுச்சாம். ஸ்டுப்பிட்னா அடி வாங்கி மரத்துப் போனவன். அன்னிக்கு நான் நின்னேன் பாரு, அப்பிடி. மெஷின்ல அவ கத்துறா, எனக்கு கால் நகரல. பக்கத்து மெஷின் வாஹித் பாஷா ஓடியாந்துதான் மெஷின நிறுத்துனான்.

ஃபூலா? அது துருத்தி. காத்தடிக்கற துருத்தி. உள்ள ஒண்ணும் கெடையாது, பொஸ்ஸு பொஸ்ஸுனு ஊதும். வந்ததுலேர்ந்து நான் ஊதிக்கினு கீறேன் பாரு, அந்த மாரி. நிறுத்துனா நீ கையெழுத்து போட்டுருவ, அதான் பயம்.

அழாத தம்பி. நீ அழுதா எனக்கு பேச வராது. மூணு நாளா சோறு எறங்கல எனக்கு, சத்தியமா. கண்ண மூடுனா அவ கைதான் தெரியுது.

இன்னா கேட்ட? ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்குனாதானே அந்த மெஷின் எறங்கும், அப்பறம் கை எப்பிடி உள்ள போச்சின்னா? யாரு சொன்னா ஒனக்கு? அவளேவா?

நல்லா கேட்ட. மூணு நாளா ஒருத்தன் கேக்கல, நீதான் கேட்ட. ரெண்டு கையும் வெளிய இருக்கணும்னுதான் அப்பிடி பண்ணி வச்சிருக்கான். ஆனா அப்பிடி செஞ்சா வேல ஓடாது தம்பி. ஒரு பட்டன்ல தோல் துண்ட மடிச்சி சொருவிட்டா அது அமுங்கியே இருக்கும். ஒரு கையால மத்த பட்டன அடிச்சிக்கலாம், இன்னொரு கையால தோல நகத்திக்கலாம். ஷூ ஜோடி ஜாஸ்தி வரும். எல்லா கம்பெனிலயும்னு சொல்லல, எங்க லைன்ல அப்பிடிதான்.

அவ ரெண்டு வாட்டி சொன்னா. சார், பயமா கீது, எடுத்துடுங்க சார்னா. ஸ்டுப்பிட், வேலைய பாருன்னேன்.

இல்ல, அவ சொருவல. சொருவுனது நான். இந்த பேப்பர்ல ஃபூலிஷ்னு போட சொன்னதும் நான்தான். எல்லாரும் அவள தூக்கிக்கினு வேனுக்கு ஓடுனாங்க, நான் ஓடல. பட்டன்லேர்ந்து அந்த துண்ட புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கினேன். அன்னிலேர்ந்து சட்ட மாத்தும்போதெல்லாம் இதையும் மாத்தி வச்சிக்கினு வர்றேன். போலீசு கேட்டா காட்டு. இந்தா, புடி.