அறுபதுக்கு மேலே

என்னிடம் ரத்தம் கொடுத்தவர்கள் யாரும் வலித்தது என்று சொன்னதில்லை. பத்தொன்பது வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியை உருவிவிடுவேன். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னால்தான் முடிந்துவிட்டது என்றே அவர்களுக்குத் தெரியும்.

பித்தநாளப் புற்றுநோய்க்காரர்களின் ரத்தத்தைத் தனியாக வைப்போம். அதில் ஐந்து புரதங்களை அளந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அறுபதுக்குக் கீழே என்றால் அறுவை சிகிச்சை செய்வார்கள்; பிழைத்துக் கிடக்க வாய்ப்புண்டு. அறுபதைத் தாண்டினால் அறுத்தும் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இயந்திரம் காட்டுகிற எண்ணைப் பார்த்துக் கணினியில் தட்டுகிறவள் நான்.

என் வீட்டுக்காரருக்கும் அதே நோய்தான். அப்போது இந்தப் பரிசோதனை வரவில்லை. அறுத்தார்கள். பதினான்கு மாதம் இருந்தார். விலாவில் ஒரு குழாய், அதன் நுனியில் பித்தம் வடிகிற பை. நாளைக்கு நான்கு முறை காலி செய்வேன். காமாலை அரிப்புக்குச் சீப்பில் துணி சுற்றி முதுகைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன், நிறுத்தினால் விழித்துக்கொள்வார். நாத்தனார் மாதம் ஒருமுறை வந்து, நீ இருப்பதால் எங்களுக்குக் கவலையே இல்லை என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ்ஸுக்கு ஓடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. நானும் ஓடியிருப்பேன்.

இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. களைத்த முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

ரத்தம் கொடுக்க யாரும் தனியாக வருவதில்லை. நோயாளியின் கையைப் பிடித்தபடி, கூட வந்தவரைப் பார்ப்பேன். முதலில் ஒரு சமையல்காரரின் மனைவி. நின்றபடியே கண் செருகினாள். அவர் எண் முப்பத்தெட்டு. எழுபத்தொன்று என்று தட்டினேன். ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்தார். பதினான்கில் ஐந்து போனால் ஒன்பது. அந்த அம்மாளுக்கு ஒன்பது மாதம் மிச்சம்.

எல்லோருக்கும் செய்யவில்லை. கூட வந்தவர் தெம்பாக இருந்தால் உள்ளதை உள்ளபடியே அனுப்பினேன். இதில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை.

பிறகு ஒரு பஸ் டிரைவர், மகளோடு வந்தார். உட்கார்ந்ததும் அவள் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

"எழுப்பிடாதீங்கம்மா, பாவம்" என்றார்.

அவர் எண் இருபத்தொன்பது. அவ்வளவு நல்ல எண்ணை நான் பார்த்ததேயில்லை. எழுபத்தாறு என்று தட்டினேன்.

நான் எழுபத்தொன்பது போட்ட ஒருவர் வேறு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இரண்டு வருடம் கழித்துத் தெம்பாக நடந்து வந்தார். பெரிய டாக்டருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. உறையவைத்திருந்த மீதி ரத்தத்தையெல்லாம் மறுபடி அளக்கச் சொன்னார். விஷயம் வெளியே தெரிந்ததும் டிரைவரின் மகள் என்னைத் தேடி வந்தாள். சத்தம் போடவில்லை.

"அன்னிக்கு ஏன் தூங்கினேன் தெரியுமாக்கா? ரெண்டு மாசமா ரெட்டை ஷிஃப்ட். ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவ நான்தான் பாத்துக்கணும்னு லீவு சேத்துக்கிட்டிருந்தேன். நாப்பது நாள் சேந்திருந்துச்சு."

இப்போது அப்படித்தான் சொல்வாள். நாற்பது நாள் என்பது ஒன்றுமேயில்லை. நாற்பத்தொன்றாவது நாளிலிருந்துதான் கணக்கு. அதை அவளுக்கு யார் விளக்குவது.

இருபத்து மூன்று பேர். எல்லாம் நான் ஒருத்தியாகச் செய்தது. கூட வேலை பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

டிரைவரின் மகளுக்குத் தண்ணீர் கொடுத்து, இப்போதாவது ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று கேட்டேன். அப்பா போனதிலிருந்து தூக்கமே இல்லை என்றாள். சிலருக்குத் தாமதமாகும் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் போன அன்றே எனக்கு வந்துவிட்டது.